நீச்சல் குளமும் நீர்ப்பாசியும்

சிதம்பரத்தில் குளங்களுக்கு என்றுமே குறைவு இருந்ததில்லை. நடராஜப் பெருமானின் ஆலயத்துக்குள்ளே நாற்புறமும் கற்படிகள் இறங்கி நிற்கும் சிவகங்கைத் தீர்த்தமும், திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியாரும் முதுமையோடு மூழ்கி இளமையோடு எழுந்ததாகச் சொல்லப்படும் இளமையாக்கினார் கோயில் குளமும், ஞானப்பிரகாசர் குளமும், ஓமக்குளமும், நாகச்சேரியும் என்று, ஊரின் எந்தத் திசையில் நடந்தாலும் ஏதேனும் ஒரு நீர்நிலை எதிர்ப்படும். கோடை ஏற ஏற இத்தகைய குளங்களின் ஜலம் பச்சை நிறம் கொள்வது இயல்பு. அந்தப் பச்சையைக் கண்டு ஸ்நானம் செய்ய வந்த எவரும் திரும்பிப் போனதாகக் கேள்வியில்லை. ஆனால் அதே ஜில்லாவில், கடலூர் அண்ணா விளையாட்டரங்கின் நீச்சல் குளத்திலோ, இப்போது பெருகிவரும் விடுதிகளின் நீலநிற ஓடு பதித்த தொட்டிகளிலோ, காலையில் வந்து பார்க்கும்போது நீரில் லேசான பசுமை தட்டியிருந்தால், காவலரிலிருந்து நிர்வாகி வரை அனைவரும் கலவரம் அடைந்துவிடுகிறார்கள். அவசர அவசரமாக ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் நீரில் கொட்டப்படுகிறது. மறுநாள் நீர் தெளிந்தால் வெற்றி என்றும், தெளியாவிட்டால் பவுடர் கலப்படம் என்றும் தீர்ப்பாகிறது.

இரண்டு நீரிலும் தோன்றுவது ஏறத்தாழ ஒரே இனத்து உயிர்தான். ஆயினும் தொட்டிக்கு ஔஷதமாவது குளத்துக்கு விஷமாகிவிடுகிறது. குளத்தைக் காக்கும் உபாயமோ தொட்டிக்குப் போதுவதில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாசியை அழுக்கு என்று எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். உண்மையில் அது சூரியப் பிரகாசத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொண்டு, அதற்குக் கைம்மாறாகப் பிராணவாயுவை வெளியிடும் மிகப் பழைய ஜீவராசி. வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. பலவற்றுக்கு ஒரே ஓர் உயிரணுதான் உடம்பு முழுவதும். இந்தச் சிற்றுயிர்களை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, மற்றவர்கள் மிதித்துக் கடந்துபோகும் ஈர மண்ணிலும் குட்டையிலும் குனிந்து தேடியவர். மண்ணுக்குள் கிழங்கு போல ஒரு பகுதியை ஊன்றி, மண்ணுக்கு மேலே இழைகளை நீட்டும் அபூர்வமான பாசி ஒன்றை 1932இல் விவரித்து, லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ஷின் பெயரால் அதற்கு ‘ஃபிரிட்ஷியெல்லா’ என்று நாமகரணம் செய்தார். நீரில் வாழ்ந்த பச்சை உயிர் எவ்வாறு நிலத்தில் ஏறி வாழக் கற்றது என்னும் பெரிய கேள்வியைப் பேசும் தாவரவியல் நூல்கள் இன்றும் அந்தச் சிறிய பாசியைக் காட்டாமல் விடுவதில்லை. அவருடைய மாணவர் தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூல், அத்துறையினர் கையை விட்டு அகலாத ஆதார கிரந்தமாயிற்று.

அண்ணாமலை நகரைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் இந்த நீலப்பச்சைப் பாசி விரோதியன்று, விருந்தாளி. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வயலுக்கு அளிக்கும் வல்லமை அதற்கு உண்டென்பதை 1939இல் பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். இன்று வேளாண்மைத் துறையினர் நாற்று நட்ட பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம் உலர்ந்த பாசியைத் தூவும்படி உழவர்களுக்குச் சொல்கிறார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைக்காரரோ, குட்டை நீர் பச்சை பிடிக்காவிட்டால் கவலைப்படுகிறார். நீரில் மிதக்கும் அந்த நுண்பாசிதான் இறால் குஞ்சுக்கும் அது தின்னும் சிற்றுயிர்களுக்கும் முதல் ஆகாரம். ஆகவே பாசி நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்பதில் பொருளில்லை. எந்த நீரில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீச்சல் தொட்டிக்குள் பாசி எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்தும், தூசியிலிருந்தும், மழைத்துளியிலிருந்தும், நீந்த வருகிறவரின் உடையிலிருந்தும் வருகிறது. வராமல் தடுக்க எந்த மதிலாலும் முடியாது. வந்த பின் அதற்கு வேண்டுவன வெளிச்சம், இளஞ்சூடு, தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவை. குளிர்நாட்டார் பனிக்காலத்தில் தொட்டியை மூடிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நம் கடலோரத்திலோ மார்கழி மாதத்திலும் பாசி பெருகுவதற்கு வேண்டிய வெப்பம் நீரில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. தழைச்சத்தை நீந்துவோரின் வியர்வையும், சொல்லக் கூசினும் சொல்லத்தான் வேண்டும், சிறுநீரும் தாராளமாக வழங்குகின்றன. மணிச்சத்தைத் தூசியும் உதிர்ந்த இலையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. தை மாதத்துச் சம்பா அறுவடையில் களத்து மேட்டிலிருந்து கிளம்பும் வைக்கோல் தூசிக்குத் தொட்டியும் தெருவும் ஒன்றே.

இவ்வளவும் கிடைத்துவிட்டால் பாசியின் விருத்தி எப்படி இருக்கும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் பாசி, ஒரு மில்லிலிட்டருக்கு ஓர் உயிரணு என்று தொடங்கினால், இருபதாம் நாள் அதே மில்லிலிட்டரில் பத்து லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். சாதகமான நிலையில் நாளுக்கு ஒரு முறைக்கு மேலும் இரட்டிக்கும் பாசிகள் உண்டு. அந்த இருபது நாளில் முதல் இரண்டு வாரமும் நீர் பளிங்கு போலவே தோன்றும். கண்ணுக்குப் பசுமை புலப்படும் நாளில் போராட்டம் பாதிக்கு மேல் தோற்றுப் போயிருக்கிறது. எனவே தொட்டியைக் காப்பவர் கண்ணை நம்பக்கூடாது, அளவையை நம்ப வேண்டும் என்பதுதான் இவ்விஷயத்தில் என் துணிபு. மற்றவையெல்லாம் இதற்கு விரிவுரையே.

அளவை என்பது முதலில் குளோரினின் அளவை. குளோரினை நீரில் எந்த வடிவத்தில் சேர்த்தாலும், கிருமியையும் பாசியையும் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அதிலிருந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான். நீரின் காரத்தன்மை ஏற ஏற இந்த அமிலம் பிரிந்து, வீரியம் மிகக் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடுகிறது. காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். எண் 7 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீரியமுள்ள அமிலமாக இருக்கும், 7.5இல் பாதி, 8இல் கால் பங்குக்கும் குறைவு, 8.5 ஆகிவிட்டாலோ பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டும், நாம் கொட்டும் பிளீச்சிங் பவுடரிலுள்ள சுண்ணாம்பும், போதாக்குறைக்குப் பாசியே கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதும் சேர்ந்து பி.எச். எண்ணை மேலே மேலே தள்ளுகின்றன. மூட்டை மூட்டையாகக் கொட்டியும் நீர் தெளியவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர், பவுடர் வியாபாரியை வைவதற்கு முன்னால் பி.எச். எண்ணைப் பார்த்து, 7.2க்கும் 7.6க்கும் இடையில் அதை அமிலத்தால் இறக்கி நிறுத்தியிருந்தால், பணமும் கோபமும் ஒருங்கே மிச்சமாகியிருக்கும்.

அடுத்த எதிரி சூரியன். நடுப்பகல் வெயிலில், பாதுகாப்பு ஏதுமற்ற குளோரின் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகக் குறைந்துவிடும். அக்கினி நட்சத்திரத்துச் சித்திரை வெயிலில் காலையில் போட்ட மருந்து மாலை நீச்சலுக்கு வருவோரை எட்டுவதேயில்லை. இதனால்தான் அனுபவசாலிகள் அஸ்தமனத்துக்குப் பின் மருந்து இடுகிறார்கள். இரவெல்லாம் அது தடையின்றி வேலை செய்யும். பகலிலும் காக்க வேண்டுமானால் சயனூரிக் அமிலம் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது குளோரினைப் பத்தாயத்தில் பூட்டிய நெல் போலப் பிடித்து வைத்துக்கொண்டு, செலவாகும் அளவுக்குச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. பத்து லட்சத்தில் 30 முதல் 50 பங்கு வரை அது இருப்பது நன்மை; மிகுந்துவிட்டால் பூட்டே பெரிதாகி, குளோரின் இருந்தும் இல்லாத நிலை ஏற்படும். சயனூரிக் அமில அளவில் நூற்றுக்கு ஏழரைப் பங்காவது, அழுக்கோடு கட்டுண்ணாத தனிக்குளோரின் நீரில் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அனுபவத்தால் கண்ட விதி. கடைகளில் விற்கும் வெள்ளை வில்லைகளில் சயனூரிக் அமிலமும் உள்ளடங்கியிருப்பதால், வருஷக்கணக்கில் வில்லைகளை மட்டுமே போட்டுவரும் தொட்டியில் அது சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதைத் தவிர அதற்கு நடைமுறையில் வேறு நிவர்த்தி இல்லை.

இங்கே ஒரு பிரமையையும் போக்கிவிடலாம். தொட்டியருகே மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், குளோரின் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்கிறோம். அந்த நெடி வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறந்த குளோரமின்களுடையது. அதாவது தனிக்குளோரின் செலவழிந்துபோய், அழுக்கோடு கட்டுண்ட குளோரின் மட்டும் மிஞ்சியிருப்பதன் அறிகுறி. நீரில் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும் பழைய சோதனைக் குப்பி, கட்டுண்டதையும் தனித்ததையும் பிரித்துக் காட்டாது. மஞ்சள் நன்றாகத் தெரிகிறதே, பிறகு ஏன் பாசி பிடிக்கிறது என்று கேட்பவர், இளஞ்சிவப்பு நிறம் காட்டித் தனிக்குளோரினை அளக்கும் டி.பி.டி. மாத்திரைக்கு மாறினால் விடை தானே கிடைத்துவிடும்.

பெரிய இடங்களிலும் இந்தக் கணக்கு தவறியதுண்டு. 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் விளையாட்டின்போது, ஆகஸ்ட் 9ஆம் தேதி, குதிநீச்சல் குளம் உலகத்தார் கண்ணெதிரே பச்சையாக மாறியது. தொடக்க நாளாகிய 5ஆம் தேதியன்று ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடை நீரில் சேர்த்துவிட்டதும், அது குளோரினின் வீரியத்தை முறித்துவிட, பாசி முதலியன வளர இடம் ஏற்பட்டதும் பின்னால் வெளிவந்தன. அதேபோல் பச்சையாகிவிட்ட பக்கத்துக் குளத்தின் சுமார் 37 லட்சம் லிட்டர் நீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்பினார்கள். இரண்டும் கிருமிநாசினிகள், சேர்ந்தால் இரு மடங்கு பலன் என்று எண்ணுவது எவ்வளவு விபரீதம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. நம் ஊர்க் கிடங்குகளில் பிளீச்சிங் பவுடரும் அந்த வெள்ளை வில்லைகளும் அருகருகே அடுக்கப்பட்டிருப்பதைக் காணும்போதும் இதே அச்சம் எழுகிறது. அவ்விரண்டும் ஈரத்தோடு கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். பவுடரோடு அமிலம் கலந்தாலோ நச்சு வாயு கிளம்பும்.

சரி, நீர் பச்சையாகிவிட்டது. இனி என்ன செய்வது? நீந்துவதை நிறுத்திவிட்டு, முதலில் பி.எச். எண்ணைச் சீர்ப்படுத்திக்கொண்டு, சுவர்களையும் தரையையும் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பாசி தன்னைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொள்வதால், தேய்த்து உறையைக் குலைக்காமல் மருந்து உள்ளே செல்லாது. பிறகு மருந்தின் கணக்கு. இருபத்தைந்து மீட்டர் நீளமும் பன்னிரண்டரை மீட்டர் அகலமும் சராசரி 1.6 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் 5 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். அதில் பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு குளோரின் ஏற்ற 500 கிராம் குளோரின் வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கே குளோரினாதலால், ஒன்றரைக் கிலோ பவுடர் என்று கொள்ளலாம். பச்சை பிடித்த நீருக்குப் பத்துப் பங்காவது ஏற்ற வேண்டியிருக்கும். ஆக 15 கிலோ. ஈரக்காற்றில் வாய் திறந்து கிடந்த மூட்டை வீரியம் இழந்திருக்குமாதலால் அதற்குமேலும் தேவைப்படலாம். அப்படியே தூவினால் சுண்ணாம்பு படியும். வாளி நீரில் பவுடரைக் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மாலையில் ஊற்ற வேண்டும். பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். மணல் வடிகட்டியை அடிக்கடி எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவ வேண்டும். ஒரே தடவை ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடாமல், அளவு இறங்கும்போதெல்லாம் திரும்ப ஏற்றி, ஓர் இரவு முழுவதும் குளோரின் குறையாமல் நிற்கும் வரை தொடர்வதுதான் முக்கியம். இரவில் குறைகிறதென்றால் அதைத் தின்ன இன்னும் ஏதோ உயிரோடிருக்கிறது என்று பொருள். செத்த பாசி நீரைச் சாம்பல் நிறமாகக் கலக்கும். படிகாரம் இட்டு ஒரு நாள் அசையாமல் விட்டால் அடியில் படிந்துவிடும், அதை உறிஞ்சி வெளியே தள்ளிவிடலாம். தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் முன்னோர் கையாண்டதும் இதே தத்துவந்தான். ஆனால் அது கலங்கலைப் படியவைக்குமே அல்லாமல் பாசியைக் கொல்லாது.

கறுப்புப் பாசி என்று தொட்டிக்காரர்கள் அஞ்சுவது நீலப்பச்சை இனத்தது. சிமெண்டுப் பூச்சின் நுண்ணிய துவாரங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கம்பித் தூரிகையும் பொறுமையுமே மருந்து. இளஞ்சிவப்பாகப் படியும் வழவழப்பு பாசியே அல்ல, பாக்டீரியா.

இனி, செம்பின் உப்பாகிய மயில்துத்தம். செம்பு, பாசிக்கு ஆகாது என்பது பழைய செய்தி. 1904இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர், குடிநீர்த் தேக்கங்களில் மிகச் சிறிய அளவு மயில்துத்தம் இட்டுப் பாசியை ஒழிக்கும் முறையைப் பிரசித்தம் செய்தார்கள். உலகெங்கும் அது பரவிற்று. காரமான நீரில் செம்பு விரைவில் படிந்து பயனற்றுப் போவதும், தொட்டிச் சுவரில் கறை விடுவதும், மீன்களை மாய்ப்பதும் அனுபவத்தில் தெரிந்தன. ஆனால் பெரிய எச்சரிக்கை 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவிலிருந்து வந்தது. அங்கே தேக்கத்து நீரின் சுவை கெட்டதென்று மக்கள் முறையிட, மயில்துத்தம் இடப்பட்டது. சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் குடலும் பாதிக்கப்பட்டு நோயுற்றார்கள். உயிரோடிருந்தவரை நீலப்பச்சைப் பாசி தன் உடலுக்குள் அடக்கி வைத்திருந்த நஞ்சு, அது செத்து வெடித்ததும் நீரில் கலந்ததே காரணம் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் முடிவுகட்டினார்கள்.

கோயில் குளத்துக்குத் தொட்டி வைத்தியம் ஆகாதென்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். வேறு காரணங்களும் உண்டு. ஓர் ஏக்கர் பரப்பும் ஆறடி ஆழமும் உள்ள குளத்தில் ஏறத்தாழ 74 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். மேற்சொன்ன கணக்குப்படி 220 கிலோ பவுடர் வேண்டும்; அதையும் அடிச்சேறு சீக்கிரமே விழுங்கிவிடும், மீன்கள் மட்டும் மிதக்கும். மருந்தே இடாவிட்டாலும் பாசி மண்டிய குளத்தில் மீன் சாவதுண்டு. பகலில் பிராணவாயுவை அள்ளி வழங்கும் பாசி இரவில் தானும் சுவாசிப்பதால், விடியற்காலையில் நீரில் பிராணவாயு அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. மேகமூட்டமான சில நாட்கள் சேர்ந்து வந்து பாசி ஒட்டுமொத்தமாக மடிந்து அழுகினாலோ, மீன்களுக்கு மிச்சம் எதுவுமில்லை.

கோயில் குளத்துப் பச்சையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் எஸ். வி. கணபதி குறிப்பிடத்தக்கவர். கோயில் குளம் ஒன்றில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பருவந்தோறும் வந்துபோகாமல் நிரந்தரமாகவே குடியிருந்ததைப் பற்றி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1940இல் அவர் எழுதினார். அந்தப் பாசியின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய வாயுப்பைகள் இருப்பதால், காற்றடங்கிய வேளையில் மேலே மிதந்து வந்து, பெயிண்டு கொட்டினாற்போல் படலமாகப் படியும். காற்று வீசும் திசையில் ஒரு கரையோரமாக ஒதுங்கும். அத்தகைய படலம் மிதக்கும் துறையில் குழந்தைகளை இறக்காமலிருப்பதும், அந்த நீரை மாட்டுக்குக் காட்டாமலிருப்பதும் விவேகம்.

குளத்துக்கு உரிய வைத்தியம் பாசியைப் பட்டினி போடுவதே. சோப்பும், துணி துவைக்கும் தூளும், மிதக்க விட்ட மாலைகளும், கரைத்த சோறும், எங்கிருந்தோ திருட்டுத்தனமாகச் சேரும் சாக்கடையும் மணிச்சத்தையே சுமந்து வருகின்றன. இவற்றை நிறுத்துவது முதல் வேலை. ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. பல வருஷங்களாக வந்து சேர்ந்த மணிச்சத்து அடிச்சேற்றில் தங்கியிருந்து, கோடையில் அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகும்போது திரும்பவும் கரைந்து மேலே வருகிறது; வரவை அடைத்த பின்னும் குளம் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பதன் இரகசியம் இதுதான். ஆகவே சேற்றை எடுத்தாக வேண்டும். வற்றிய ஏரி குளங்களின் வண்டலைக் கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அள்ளிச் சென்ற பழைய குடிமராமத்து வழக்கத்தின் பலனை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், பாசிக்கு உணவாகவிருந்த மணிச்சத்து நெல்லுக்கு உணவாக இடம் மாறியது என்றே சொல்ல வேண்டும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, ஏரி குளங்களின் வண்டலை உழவர்கள் அனுமதி பெற்று எடுத்துக்கொள்ள வழி செய்தது. இயந்திரங்களைக் கொண்டு ஆழமாகத் தோண்டும் உற்சாகத்தில், நீரைக் கசியவிடாமல் தாங்கும் களிமண் படுகையையும் சேர்த்து வெட்டிவிட்டால், மறுவருஷம் பாசியோடு நீரும் இல்லாமற்போகும். கருநிற வண்டல் முடிந்து கெட்டிக்களி தட்டுப்பட்டவுடன் மண்வெட்டியை நிறுத்திவிட வேண்டும்.